நீர்த்துப் போகாத பழ சாலட், ஆரஞ்சு தயிர் கிரீமோடு

பழ சாலட்டில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றும். பழத்தை நறுக்க வேண்டும், மேலே தயிரோ கிரீமோ ஊற்ற வேண்டும், கிளற வேண்டும், அவ்வளவுதான். நறுக்கிய கையோடு சாப்பிடுகிறவர்களுக்கு அது நன்றாகவே வந்துவிடும். விருந்தாளிகளுக்காகச் செய்யும்போதுதான் சிக்கல். அவர்கள் வர ஒரு மணி நேரம் தாமதமானால் போதும், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிடும். கெட்டியாக இருந்த கிரீம் மோர் மாதிரி ஓடும். ஆப்பிள் பழுப்பாகி, வாழைப்பழம் கறுத்து வழவழவென்று ஆகியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் என் மகளின் பிறந்தநாளுக்காக 20 பேருக்குக் காலையிலேயே செய்து ஃபிரிட்ஜில் வைத்தேன். அன்னாசியும் பப்பாளியும் தாராளமாகப் போட்டிருந்தேன். மாலையில் எடுத்து வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி ஒரே கசப்பு. தயிர் கெட்டுவிட்டது என்று நினைத்து அத்தனையையும் கொட்டினேன். குழந்தைகள் கேக்கோடு வீட்டுக்குப் போனார்கள். தயிர்மேல் தப்பே இல்லை என்பது பிறகு விசாரித்துத்தான் தெரிந்தது. அந்தக் காரணத்தைக் கீழே அன்னாசி வருமிடத்தில் சொல்கிறேன்.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான். கிரீமில் இருக்கும் தண்ணீரை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், பழம் தண்ணீர் விடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டையும் பரிமாறும் நேரம்வரை சேரவிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான். இதுவரை சமையலறைப் பக்கமே போகாதவர்கள்கூடத் தைரியமாகச் செய்யலாம். அடுப்பு வேலை மொத்தமே கால் மணி நேரம்தான்.

6 பேருக்கு வேண்டியவை

கிரீமுக்கு:
புளிக்காத கெட்டித் தயிர் 500 கிராம்
கமலா ஆரஞ்சு 3
எலுமிச்சை 1
ஃப்ரெஷ் கிரீம் 4 மேசைக்கரண்டி
பொடித்த சர்க்கரை அல்லது தேன் 2 மேசைக்கரண்டி
உப்பு 1 சிட்டிகை

பழத்துக்கு:
மாதுளை 1
ஆப்பிள் 1
கடித்தால் நறுக்கென்று இருக்கும் கொய்யா 1
விதையில்லாத திராட்சை 150 கிராம்
கமலா ஆரஞ்சு 2
நாரில்லாத மாம்பழம் 1 (மாம்பழக் காலம் இல்லையென்றால் பப்பாளி 250 கிராம்)
மலைவாழை 3
பேரீச்சை அல்லது உலர்ந்த அத்தி 5

ஒருவருக்கு நறுக்கிய பழம் 150 கிராம், கிரீம் 3 மேசைக்கரண்டி என்று கணக்கு வைத்துக்கொண்டால் 10 பேருக்கும் 50 பேருக்கும் நீங்களே அளவு போட்டுவிடலாம்.

முதல் நாள் இரவு: தயிரை வடிய வைப்பது

எல்லாம் தொடங்குவது இங்கேதான். தயிரைத் தண்ணீரோடு அப்படியே அடித்து ஊற்றினால் எவ்வளவு கெட்டித் தயிராக இருந்தாலும் பழத்தின் மேல் நிற்காது, வழிந்து அடியில் போய்ச் சேரும். அதனால் தயிரில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

ஒரு பாத்திரத்தின்மேல் வடிகட்டியை வையுங்கள். பழைய வேட்டித் துணியோ மல்துணியோ நன்றாகத் துவைத்து, சோப்பு வாசனை இல்லாமல் அலசி, ஈரம் பிழிந்து அதன்மேல் விரியுங்கள். தயிரை அதில் ஊற்றி, துணியின் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குழாயில் கட்டித் தொங்கவிடுகிற வழக்கம் உண்டு. குளிர்ந்த ஊரில் அது சரி. நம் ஊர் வெயிலுக்கு வெளியே தொங்கினால் வடிவதற்குள் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் 5 மணி நேரம் போதும், ராத்திரி முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. காலையில் துணியைப் பிரித்தால் பாதிக்குப் பாதி, அதாவது 220 முதல் 250 கிராம்வரை வெண்ணெய் மாதிரி திரண்டு கிடைக்கும். அடியில் இறங்கியிருக்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், அதற்கும் வேலை இருக்கிறது.

தயிர் அன்றைக்கு உறைந்ததாக இருக்க வேண்டும். பாக்கெட் தயிரானாலும் பரவாயில்லை, தேதி பார்த்துப் புதிதாக வாங்குங்கள். முந்தாநாள் தயிரை வடிய வைத்தால் தண்ணீர் போய்ப் புளிப்பு மட்டும் மிஞ்சும். இந்த கிரீமுக்குப் புளிப்பு ஆரஞ்சிலிருந்தும் எலுமிச்சையிலிருந்தும் வர வேண்டும். தயிரின் புளிப்பு மேலோங்கினால் பழத்தில் பச்சடி சாப்பிடுகிற மாதிரி ஆகிவிடும்.

பழம் வாங்கும்போது

இந்த சாலட்டுக்கு நன்றாகப் பழுத்துக் குழைந்த பழம் வேண்டாம். சாறு பிழிய அதுதான் வேண்டும், நறுக்க அது ஆகாது. பழுத்து ஒரு நாள்தான் ஆகியிருக்க வேண்டும், அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்க வேண்டும். மாம்பழமென்றால் காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். மணம் வந்தால் பழம், வராவிட்டால் இன்னும் காய். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அப்படிப் பழுத்த மாம்பழம் வெளியே பளிச்சென்ற மஞ்சளாக இருந்தாலும் மணம் இருக்காது, நறுக்கினால் உள்ளே வெளுத்திருக்கும். பங்கனப்பள்ளி கத்திக்குச் சதுரமாக நிற்கும், அதனால் எனக்கு அதுதான் பிடித்தது. இமாம்பசந்தைத் தனியாகச் சாப்பிடுங்கள். அவ்வளவு மணமும் குழைவும் உள்ள பழத்தை மற்றதோடு கலப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

வாழைப்பழத்தில் எது என்பது பெரிய விஷயம். பச்சை வாழையும் ரஸ்தாளியும் சீக்கிரம் குழைந்து எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். கற்பூரவல்லி தித்திப்பில் மற்றப் பழங்களை அமுக்கிவிடும். மலைவாழை கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். சின்னதாக, தோல் சுருங்கி, பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் சதையில் ஈரம் குறைவு, மணம் அதிகம், வில்லை போட்டால் வில்லையாகவே நிற்கும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழையைத்தான் விரும்பிச் சேர்க்கிறார்கள். அந்த வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பஞ்சாமிர்தத்துக்கு 2019ல் கிடைத்தது. பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் எல்லாம் சேரும் அதில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடுவதில்லை. ஈரம் குறைந்த பழம், தண்ணீர் சேராத பக்குவம், இரண்டும் சேர்ந்துதான் அது நாள் தாங்குகிறது. நம் ஊரின் பழைய பழக் கலவையே தண்ணீர் விஷயத்தில் அவ்வளவு கவனமாக இருக்கிறது. மலைவாழை கிடைக்காத ஊரில் ஏலக்கி வாங்கலாம்.

திராட்சையில் விதையில்லாத பச்சையோ கறுப்போ எடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையின் ருசி தனி ருசிதான், ஆனால் தோலும் விதையும் நீக்கி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். தர்பூசணியும் முலாம்பழமும் இந்த கிரீமோடு வேண்டவே வேண்டாம். கத்தி பட்டாலே ஓடுகிற பழங்கள் அவை. சீத்தாப்பழக் காலத்தில் அதன் சுளையைக் கொட்டை நீக்கிக் கடைசியில் ஒரு கரண்டி மேலே வைத்துப் பாருங்கள், கிரீமுக்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம்.

வருகிறவர்களில் கர்ப்பிணி யாராவது இருந்தால் பப்பாளியும் அன்னாசியும் போடாமல் விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் அவர்கள் தவிர்க்கிற பழங்கள் அவை. தட்டில் பொறுக்கி ஒதுக்க வைப்பதைவிட நாமே போடாமல் இருப்பது மரியாதை.

ஆரஞ்சைச் சுண்டக் காய்ச்சுவது

கிரீமில் ஆரஞ்சு வாசனை வேண்டும், ஆனால் ஆரஞ்சுச் சாறு முழுக்கத் தண்ணீர். ராத்திரி முழுக்கத் தயிரை வடித்துவிட்டு அரை டம்ளர் சாற்றை அதில் ஊற்றினால் வடித்ததற்கே அர்த்தமில்லை. அதனால் சாற்றைச் சுண்ட வைக்கிறோம்.

முதலில் 3 ஆரஞ்சையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். மெழுகு பூசிப் பளபளக்கும் பழத்தைத் தோலுக்காகப் பயன்படுத்த வேண்டாம். உரிப்பதற்கு முன்பே, பழம் முழுசாக இருக்கும்போதே, சின்னத் துருவியில் மேல்தோலை லேசாகத் துருவுங்கள். கமலா ஆரஞ்சின் தோல் தொளதொளவென்று இருக்கும், உரித்தபின் துருவவே முடியாது. மேலே இருக்கும் ஆரஞ்சு நிறம்தான் நமக்கு வேண்டும், மணமுள்ள எண்ணெய் அதில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே வெள்ளை தெரிந்தால் உடனே நிறுத்தி அடுத்த இடத்துக்குப் போங்கள், அந்த வெள்ளைப் பகுதி கசக்கும். மொத்தம் ஒரு தேக்கரண்டி துருவல் போதும். எலுமிச்சையிலும் இதேபோல் கால் தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு, அதனால் கை இன்னும் லேசாகப் பட வேண்டும்.

அப்புறம் ஆரஞ்சைக் குறுக்கே வெட்டிப் பிழிந்து, விதை போக வடிகட்டுங்கள். கிட்டத்தட்ட முக்கால் டம்ளர் சாறு வரும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு பட்டால் சாற்றில் உலோக வாசனை ஏறும். 10 முதல் 12 நிமிடத்தில் நுரை பெரிது பெரிதாக வந்து, கரண்டியில் எடுத்தால் இளம்பாகு மாதிரி வழியும். 3 மேசைக்கரண்டி அளவுக்குச் சுண்டியதும் இறக்கி ஆற விடுங்கள். கடைசி 2 நிமிடம் அடுப்பை விட்டு நகர வேண்டாம், சட்டென்று அடிப்பிடித்துவிடும்.

சாத்துக்குடியில் இதைச் செய்யக் கூடாது. சாத்துக்குடிச் சாறு பிழிந்து வைத்தாலே கொஞ்ச நேரத்தில் கசக்கத் தொடங்கும். அதில் இருக்கும் லிமோனின் என்ற பொருள் சாறு பிழிந்த பிறகுதான் உருவாகி மெல்ல மெல்லக் கசப்பைக் காட்டும். சூடு பட்டால் அது இன்னும் வேகமாக நடக்கும். கடையில் ஜூஸ் போட்ட உடனே குடிக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். ஆரஞ்சு கிடைக்காத மாதங்களில் சாற்றையே விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டியும் அதன் தோல் துருவலும் மட்டும் போட்டு, தேன் ஒரு கரண்டி கூட்டினால் அதுவும் அருமையாக இருக்கும். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆரஞ்சே தேவையில்லை.

கிரீம் கலக்குவது

வடிந்த தயிரை ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் போட்டு, கரண்டியாலோ முட்டை அடிக்கும் கம்பியாலோ கட்டியில்லாமல் கலக்குங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம். ஒரு சுற்று ஓடினாலே வடித்த தயிர் இளகிப்போய்த் திரும்பவும் கெட்டியாகாது. தயிர் வழுவழுப்பானதும் பொடித்த சர்க்கரை, உப்பு, தோல் துருவல் இரண்டும் சேருங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள், ஒரு சிட்டிகைதான் என்றாலும் ஆரஞ்சு மணத்தை அதுதான் தூக்கிக் கொடுக்கும். பிறகு ஃப்ரெஷ் கிரீம், அதற்குப் பிறகு ஆறிய ஆரஞ்சுப் பாகு, கடைசியாக எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி.

புளிப்பு சேர்ந்தால் திரிந்துவிடாதா என்று பலரும் பயப்படுவார்கள். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரியும். தயிர் ஏற்கெனவே புளிப்பில் உறைந்த பொருள், அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது. கிரீம் இன்னும் கெட்டிதான் ஆகும். பாகு சூடாக இருந்தால்தான் பிரச்சினை, தயிர் திப்பிதிப்பியாகிவிடும். விரலால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

ருசி பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கிரீமைத் தனியாக நக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு துண்டு ஆப்பிளைத் தொட்டு வாயில் போடுங்கள். தனியாகச் சாப்பிட்டால் கொஞ்சம் தூக்கலாகப் புளிக்கும் கிரீம்தான் பழத்தோடு சேரும்போது சரியாக இருக்கும். குளிர்ந்த பிறகு தித்திப்பு கொஞ்சம் மட்டுப்படும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு சர்க்கரையைக் கூட்டிக் குறையுங்கள். ஏலக்காய் போடலாமா என்று என் அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். ஏலக்காய் வந்தால் ஆரஞ்சு மணம் பின்னால் போய்விடும், பாயச வாசனை முன்னால் வந்துவிடும். நான் போடுவதில்லை.

தேன் சேர்ப்பதாக இருந்தால் ஒரு வயது ஆகாத குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அந்த வயதுக் குழந்தைகளுக்குத் தேன் எந்த வடிவத்திலும் ஆகாது. பால் பொருட்கள் சாப்பிடாதவர்களுக்கு 100 கிராம் முந்திரியை 4 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 4 மேசைக்கரண்டி விட்டு மையாக அரைத்து, அதே பாகும் துருவலும் சேர்த்தால் தயிர் இல்லாத குறையே தெரியாது. இதற்கு மட்டும் மிக்ஸி வேண்டும்.

அன்னாசி போட ஆசையென்றால்

அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக உடைப்பதுதான் அதன் வேலை. பச்சை அன்னாசி நிறையச் சாப்பிட்டால் நாக்கு சுணைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. தயிரிலும் கிரீமிலும் இருக்கும் புரதத்தை அது உடைக்கும்போது வரும் துண்டுகளில் சில கடுமையாகக் கசக்கும். பிறந்தநாள் சாலட்டில் நடந்தது அதுதான். பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின் என்று இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. பப்பாளி பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும் என்றாலும் தயிரோடு மணிக்கணக்கில் ஊறவிட்டால் கசப்பு எட்டிப்பார்க்கும். பப்பாளி மில்க் ஷேக்கை வைத்திருந்து குடித்தவர்களுக்கு இது தெரியும்.

இதற்குத் தீர்வு சூடுதான். கண் நீக்கிய அன்னாசியைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையோடு வாணலியில் போட்டு, அதன் சாறு கொதித்துத் துண்டுகள் உள்வரை வெந்து சூடேறும்வரை 6, 7 நிமிடம் வதக்குங்கள். நொதி செத்துவிடும், தண்ணீரும் வற்றிவிடும், நமக்கு இரண்டு லாபம். ஆறிய பிறகு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் தயிரோடு கிடக்கட்டும், கசக்காது. டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அதனால்தான் அதில் செய்யும் அன்னாசி ராய்தா கசப்பதில்லை. கிவியையும் பப்பாளியையும் வேகவைத்தால் நன்றாக இருக்காது. அவற்றைத் தட்டில் வைக்கும் நேரத்தில் சேர்த்தால் போதும்.

நறுக்கும் வரிசை

வெங்காயம் நறுக்கும் பலகையைத் தொடாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் ஆப்பிளில் அந்த வாசனை ஏறும். பழத்துக்கென்று தனிப் பலகை இல்லாவிட்டால் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் நறுக்குங்கள்.

எல்லாப் பழத்தையும் நறுக்குவதற்கு முன்பே கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக ஆற விடுங்கள். திராட்சையை உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு அலசி, துணியில் உருட்டித் துடையுங்கள். திராட்சைக் கொத்தின் இடுக்கில் தங்கியிருக்கும் தண்ணீரே ஒரு கரண்டி தேறும்.

முதலில் மாதுளை. பூ இருந்த பக்கத்தில் மூடி மாதிரி ஒரு வட்டம் வெட்டி எடுத்தால் உள்ளே அறைகளைப் பிரிக்கும் வெள்ளைச் சவ்வு தெரியும். அந்தக் கோடுகளின் மேலேயே தோலை மேலிருந்து கீழாகக் கீறிவிட்டுக் கையால் பிளந்தால் ஒரு முத்துகூட நசுங்காமல் பிரியும். கத்தியால் நட்ட நடுவில் வெட்டினால் பாதி முத்து உடைந்து சிவப்புச் சாறு எல்லாவற்றையும் சாயமேற்றிவிடும். அடுத்து 2 ஆரஞ்சு. சுளையின் முதுகில் லேசாகக் கீறி, மேல்தோலையும் விதையையும் நீக்கி, சதையை மட்டும் வடிகட்டியில் போடுங்கள். அதிலிருந்து சொட்டும் சாறு பாகு காய்ச்சும் பாத்திரத்துக்குப் போகட்டும். ஆகவே அடுப்பு வேலைக்கு முன்பே இதைச் செய்து வைத்துக்கொண்டால் நல்லது. சுளை உரிப்பதுதான் இந்த முழு வேலையிலும் பொறுமை கேட்பது. உட்கார்ந்து பேசிக்கொண்டே யாராவது துணைக்கு இருந்தால் சீக்கிரம் முடியும்.

திராட்சை பெரிதாக இருந்தாலும் முழுசாகவே போடுங்கள், வெட்டினால் சாறு விடும். சின்னக் குழந்தைகள் சாப்பிடுவதானால் மட்டும், தொண்டையில் அடைக்காதபடி, நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுங்கள். மற்றப் பழங்களை எல்லாம் திராட்சையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரங்களாக வெட்ட வேண்டும். ரொம்பப் பொடியாக நறுக்க நறுக்க வெட்டுப்பட்ட பரப்பு கூடும், தண்ணீர் விடுவதும் கூடும். ஒரு கரண்டியில் மூன்று விதமான பழமாவது ஏற வேண்டும், அதுதான் அளவு.

கொய்யாவின் நடுவில் இருக்கும் விதைப்பகுதியைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டுச் சதையை மட்டும் வெட்டுங்கள். ஆப்பிளை வெட்டிய கையோடு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிடுங்கள். ஆப்பிளும் வாழையும் பழுப்பாவது காற்றுப்பட்டு நொதி வேலை செய்வதால்தான். புளிப்பு அதை அடக்கிவைக்கும். தோலோடு வெட்டினால் சிவப்பு தெரியும், கடிக்கவும் நன்றாக இருக்கும். பழத்தின்மேல் சர்க்கரை மட்டும் தூவ வேண்டாம். நிறைய வீடுகளில் செய்யும் தவறு இது. சர்க்கரை பட்ட இடத்தில் பழம் தன் தண்ணீரை வெளியே விட்டுவிடும், கால் மணி நேரத்தில் பழம் துவண்டு பாகில் மிதக்கும். தித்திப்பு வேண்டுமென்றால் கிரீமில் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாம்பழத்தை வெட்டித் தனி டப்பாவில் வையுங்கள். வாழைப்பழத்தைத் தோலோடு அப்படியே வைத்திருங்கள், அதன் முறை கடைசியில்தான் வரும்.

பரிமாறும் நேரம்

சாயங்காலம் 7 மணிக்கு விருந்து என்று வைத்துக்கொள்வோம். தயிர் முந்தைய இரவே வடிந்துவிட்டது. பிற்பகல் 3 மணிக்குச் சுளை உரித்து, பாகு காய்ச்சி, கிரீமைக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். கிரீம் இருக்க இருக்கத் தோல் துருவலின் மணம் ஊறி இன்னும் நன்றாகத்தான் ஆகும். 5 மணிக்கு மேல் பழங்களை நறுக்கி, மூடிய டப்பாக்களில் குளிர வையுங்கள். 6.50க்கு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பல்லில் கூசும் குளிரில் பழத்தின் தித்திப்பும் மணமும் தெரியாது, 10 நிமிடம் வெளியே இருந்தால் இரண்டும் திரும்பும்.

பெரிய கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் பேரீச்சையையோ உலர்ந்த அத்தியையோ பொடியாக நறுக்கிப் பரப்புங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் பழம் கொஞ்சமாவது சாறு விடும், உலர்ந்த பழம் அதைக் குடித்துத் தானும் மெத்தென்று ஆகிவிடும். அதன்மேல் ஆப்பிள், கொய்யா, திராட்சை, பிறகு மாம்பழம், சுளை. மலைவாழையை அப்போதுதான் உரித்து வில்லை போட்டு அடுக்குங்கள். மாதுளை முத்து மேலே. இந்த நிலையில் கிரீம் இல்லாமலே மேசைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் கிரீம். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் பழத்தைப் போட்டு மேலே 3 கரண்டி கிரீம் ஊற்றுங்கள், கிளற வேண்டாம். கிரீம் மெல்ல இறங்கிப் பழத்தின்மேல் படிந்து நிற்கும். சாப்பிடுகிறவரின் கரண்டிதான் அதைக் கலக்க வேண்டும். வறுத்த முந்திரி, பாதாம் போட விரும்பினால் அதுவும் இந்தக் கடைசி நேரத்தில்தான். முன்பே போட்டால் நமத்துப்போகும்.

கல்யாண வரவேற்புகளில் ஐஸ்கிரீமோடு வைக்கும் ஃப்ரூட் சாலட்டை நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கலக்கத் தோன்றும். அங்கே பெரும்பாலும் கஸ்டர்டு பவுடர் போட்டுப் பாலைக் காய்ச்சியிருப்பார்கள். அதிலிருக்கும் மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் கிரீமில் மாவே கிடையாது, அதனால் அந்த வழி இதற்கு ஒத்துவராது. பள்ளிக்கூட டப்பாவில் கொடுத்து அனுப்புவதானாலும் பழம் ஒரு டப்பா, கிரீம் ஒரு சின்ன டப்பா என்று தனித்தனியாகவே கொடுங்கள், குழந்தைக்கு அதை ஊற்றிச் சாப்பிடுவதே பிடிக்கும்.

நறுக்கிய பழத்தை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

மிச்சம் இருந்தால்

கிரீம் மிஞ்சினால் மூடிவைத்து மறுநாளும் சாப்பிடலாம். குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி ஃபிரீஸரில் வைத்தால் மதியம் பள்ளி விட்டு வருகிறவர்களுக்கு ஆகும். கிரீம் படாத பழம் மிஞ்சினால் காலையில் கெட்டி அவலை அலசிப் பிழிந்து, பழத்தையும் துருவிய தேங்காயையும் சேர்த்துப் பிசறுங்கள், பழம் விட்ட சாற்றிலேயே அவல் ஊறிவிடும். வடித்துவைத்த தயிர்த் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசைந்தால் சப்பாத்தி மிருதுவாக வரும். ரசத்துக்குப் புளி குறைத்து அதை விட்டாலும் நன்றாக இருக்கும். ஒன்றும் செய்ய நேரமில்லையென்றால் உப்பும் பெருங்காயமும் போட்டு, ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக் கிள்ளிப் போட்டு அப்படியே குடித்துவிடுங்கள்.